பனி விழுந்தால் மரம் சாகுமா? உறைபனியும் வெப்பமண்டல மரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்தால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வர ஆரம்பித்துவிடும். ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவில் வெள்ளை விரித்த மாதிரி புல்வெளி, கார் கண்ணாடியில் பனிக்கட்டி, கருகிப்போன தேயிலை, கூடவே "அண்ணா, இதனால மரமெல்லாம் செத்துப்போகுமா?" என்று ஒரு வரி. ஊட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்து, சோலை (மலை மடிப்புகளில் நிற்கும் அடர்காடு) மரக்கன்று வளர்த்து நடுகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் விஞ்ஞானி இல்லை. படித்தது, பார்த்தது, நட்டுத் தோற்றது எல்லாம் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம் பாருங்கள்.

வெப்பமண்டலம் என்கிறீர்கள், அங்கே எப்படி உறைபனி?

வெப்பமண்டலம் என்பது பூகோளக் கணக்கு. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருந்தால் வெப்பமண்டலம், அவ்வளவுதான். ஊட்டி சென்னையைவிடத் தெற்கே இருக்கிறது, ஆனால் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

உயரம் மட்டுமே காரணமும் இல்லை. பிரேசிலில் சாவோ பாலோ, பரானா மாநிலங்கள் மகரரேகையை ஒட்டி இருப்பவை. ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து கிளம்பும் குளிர்காற்று கண்டத்தின் நடுவே தடையில்லாமல் மேலேறி வந்துவிடும். நமக்கு வடக்கே இமயமலை குறுக்கே படுத்துத் தடுக்கிற மாதிரி அங்கே எதுவும் இல்லை, ஆண்டிஸ் மலை வடக்கு தெற்காக ஓரமாக நிற்கிறது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பகுதி சுமார் ஆயிரம் மீட்டர் உயரம்தான், ஆனால் கலஹாரி மணல், வறண்ட காற்று, மேகமே இல்லாத குளிர்கால வானம். பகலில் சட்டையோடு நிற்க முடியாத வெயில் அடித்த அதே இடத்தில் விடியற்காலையில் புல் உறைந்து கிடக்கும்.

மரத்துக்கு சராசரி வெப்பநிலை ஒரு பொருட்டே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு வருஷம் வாழ்கிற உயிருக்கு, பத்து வருஷத்தில் ஒரே ஒரு மோசமான இரவு வந்தாலும் அது கணக்கில் சேரும்.

பனி, நீர்ப்பனி, உறைபனி, மூடுபனி... எது எது?

தமிழில் எல்லாவற்றையும் "பனி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இலையில் முத்து முத்தாக நிற்பது நீர்ப்பனி. கண்ணை மறைப்பது மூடுபனி. இலை, புல், வண்டி சீட் இவற்றின் மேற்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நேரடியாகப் பனிக்கட்டி ஊசிகளாகப் படிந்தால் அது உறைபனி. மேகத்திலிருந்து விழும் பனிப்பொழிவு வேறு சமாச்சாரம். "ஊட்டியில் ஸ்நோ!" என்று வரும் பதிவுகளில் இருப்பது உறைபனி, சில சமயம் ஆலங்கட்டி மழை.

நீலகிரியில் வழக்கமாக நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், டிசம்பர், ஜனவரியில் உறைபனி, பிப்ரவரி வரைகூட இழுக்கும். மூடுபனி இறங்கிய இரவில் பெரும்பாலும் உறைபனி விழாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

வானிலை அறிக்கையில் 3 டிகிரி என்றுதான் போட்டிருந்தது. புல் எப்படி உறைந்தது?

அறிக்கையில் வரும் எண், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. புல் இருப்பது தரையில். நான் ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு சாதாரண வெப்பமானிகளை வைத்துப் பார்த்தேன், ஒன்று வேலிக் கம்பத்தில் நெஞ்சு உயரத்தில், இன்னொன்று புல்மேல் படுக்கவைத்து. தெளிந்த இரவுகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், மேலே 3 காட்டும்போது கீழே பூஜ்ஜியத்துக்கும் கீழே இருக்கும்.

பகலில் வாங்கிய சூட்டைத் தரையும் இலையும் இரவெல்லாம் வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகமோ மூடுபனியோ இருந்தால் அது ஒரு கம்பளி மாதிரி, போன சூட்டில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் போனது போனதுதான். காற்று அடித்தால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்து காப்பாற்றும், காற்றும் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. அப்புறம், குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர் "எங்க வீட்டுல ஒண்ணும் இல்லையே" என்பார், நூறு அடி கீழே பள்ளத்தில் கேரட் போட்டவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.

சரி, மரத்துக்குள்ளே என்னதான் நடக்கிறது?

ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் வெடிக்கிற மாதிரி செல் வெடிக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டி முதலில் உருவாவது செல்களுக்கு வெளியே, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளில். அங்கே உருவான பனிக்கட்டி பக்கத்துச் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிப் பெரிதாகும். கடைசியில் செல் காய்ந்து சுருங்கி, அதன் சவ்வு கிழிந்துபோகிறது. சொன்னால் வேடிக்கையாக இருக்கும், உறைபனியில் செத்த இலை ஒருவகையில் தாகத்தில் செத்த இலை. காலை ஒன்பது மணிக்கு அந்த இலையைத் தொட்டுப் பாருங்கள், வெந்த கீரை மாதிரி கொழகொழவென்று தொங்கும், கரும்பச்சையாக இருக்கும். இரண்டு நாளில் பழுப்பாகி மொறுமொறுப்பாகிவிடும். "கருகிவிட்டது" என்று ஊரில் சொல்வது அந்த நிலையைத்தான்.

பூஜ்ஜியம் ஆனவுடனேயே இலை உறைந்துவிடும் என்றும் இல்லை. இலைக்குள் இருக்கும் நீர் கொஞ்ச தூரம் உறையாமலே கீழிறங்கும். இலைமேல் வாழும் சில பாக்டீரியாக்கள் பனிக்கட்டிக்கு விதை போட்ட மாதிரி வேலை செய்து, அந்த அவகாசத்தைக் குறைத்துவிடும்.

இரண்டாவது அடி தண்டில் விழுகிறது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் போகும் நுண்குழாய்கள் உறைந்தால், தண்ணீரில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரியும். உருகும்போது அந்தக் குமிழ் மறுபடி கரைந்துவிட்டால் தப்பித்தது. கரையாமல் பெரிதானால் குழாய் அடைத்துக்கொள்ளும், இலை நன்றாக இருந்தாலும் தண்ணீர் வராது. குழாய் அகலமாக இருந்தால் அடைப்பு சீக்கிரம் வரும். வெப்பமண்டல மரங்கள் பல, நிறையத் தண்ணீரை வேகமாக ஏற்றுவதற்காக அகலமான குழாய்களை வைத்திருக்கின்றன. மழைக்காலத்தில் அது வசதி, உறைபனிக்கு முன்னால் அதுவே வினை. பைன் மாதிரி ஊசியிலை மரங்களுக்குக் குழாய் மிகக் குறுகல், அதனால் இந்த விஷயத்தில் அவை அலட்டிக்கொள்வதில்லை.

இதற்கெல்லாம் முன்னாலேயே, உறையாமலே கெடுகிற கூட்டமும் உண்டு. வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கிறதே, அதேதான். தாழ்நில மழைக்காட்டு மரங்கள் சிலவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனாலே சவ்வுகள் வேலை செய்யாமல் திணறும்.

கருகுவது பனியாலா, காலை வெயிலாலா? எங்கள் ஊரில் வெயில் பட்டால்தான் கருகும் என்கிறார்கள்.

ஊர் சொல்வதில் பாதி உண்மை. இரவில் உறைந்து செத்த இலை, வெயில் வந்ததும்தான் செத்ததைக் காட்டும், அந்த வகையில் வெயில் வெறும் சாட்சி. ஆனால் உறையாமல் தப்பித்த இலைக்கும் வெயிலால் கேடு வரும். குளிரில் விறைத்த இலை வெளிச்சத்தை வாங்குமே தவிர அதைச் செலவழித்து உணவு தயாரிக்க முடியாது, அந்த மிச்ச சக்தி உள்ளே இருக்கிற பச்சையத்தின் இயந்திரத்தையே பழுதாக்கும். கிழக்குப் பார்த்த சரிவில் சேதம் கூடுதலாகத் தெரிவதை நானும் பார்த்திருக்கிறேன். ஏழு மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கிற இடமும், ஒன்பது மணிவரை மலை நிழலில் மெதுவாக உருகுகிற இடமும் ஒன்றல்ல.

பெரிய மரமே செத்துவிடுமா?

அபூர்வம். நுனிக் கிளைகளும் இலைகளும் போகும், சில சமயம் தரைக்கு மேலே உள்ளது முழுக்கப் போகும், ஆனால் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் இந்த ஊர்க் குளிரெல்லாம் அதற்கு உறைக்காது. மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும்.

ஆகவே மரம் பட்டுப்போனதாக நினைத்து உடனே வெட்டாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் ஒரு அடி கீழே சுரண்டுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து முடியும்வரை அரிவாளைத் தொடாமல் இருப்பது நல்லது.

உறைபனி உண்மையில் பிடித்து ஆட்டுவது கன்றுகளைத்தான். அதன் தலை இருக்கும் உயரமும் குளிர்காற்று தேங்கும் உயரமும் ஒன்றே. ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம் வளரும், ஒவ்வொரு தை மாதமும் அந்த முழம் கருகும். இப்படியே பத்து வருஷம் முழங்கால் உயரத்திலேயே நிற்கிற செடிகள் உண்டு. தொடர்ந்து சில வருஷம் பனி லேசாக இருந்து, தலை அந்த மட்டத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் அது மரம்.

நீலகிரியில் சோலையும் புல்வெளியும் கத்தி வைத்து வெட்டிய மாதிரி பிரிந்து நிற்கிறதே, அதற்கும் பனிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் இது ஒரு பழைய சண்டை. மலை மடிப்புகளில் அடர்ந்த சோலை, சுற்றிலும் மேடெல்லாம் புல், நடுவில் இடைப்பட்டது என்று எதுவும் கிடையாது. ஒரு காலை சோலைக்குள்ளும் ஒரு காலைப் புல்லிலும் வைத்து நிற்கலாம். மனிதன் காட்டை அழித்து, மாடு மேய்த்து, தீ வைத்ததால் வந்த புல்வெளி இது என்பது ஒரு கட்சி. இல்லை, இது இயற்கையாகவே இப்படித்தான், பனிதான் மரத்தைப் புல்வெளிக்குள் விடுவதில்லை என்பது இன்னொரு கட்சி. 1938-ல் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் இரண்டாவது கட்சிக்காக எழுதினார், அதே ஆண்டு என். எல். போர் (Bor) என்ற தாவரவியலாளர் அதை மறுத்து எழுதினார். பின்னால் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு நிறுவனத்தின் மெஹர்-ஹோம்ஜி உறைபனியின் பக்கம் நின்றார்.

1993-ல் சூழலியல் ஆய்வாளர் ஆர். சுகுமாரும் கூட இருந்தவர்களும் நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால், உலகமே குளிர்ந்து வறண்டிருந்த காலத்திலேயே இங்கே புல் ஆதிக்கம் செலுத்தியது அதில் தெரிந்தது. கோடாரியோடு யாரும் வந்து வெட்டி உருவாக்கிய புல்வெளி அல்ல இது என்பது அத்தோடு உறுதியானது. தீக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பழைய புல் என்பதில் சந்தேகம் இல்லை.

2020-ல் வெளியான ஒரு ஆய்வு நேரடியாகவே கன்றுகளை நட்டுப் பார்த்தது. சோலை மரக்கன்றுகளைப் புல்வெளியில் வைத்தால் உறைபனியும் கடுங்குளிரும் அவற்றைக் கழித்துக்கட்டுகின்றன. அன்னிய மரமான சீகைக்கு (ஆங்கிலத்தில் வாட்டில்) அந்தத் தடை இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அதே பாடத்தை நான் கைக்காசு போட்டுக் கற்றிருந்தேன். அந்தக் கதை கீழே.

குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் என்றீர்கள். ஆனால் சோலை இருப்பதே பள்ளத்தில்தானே? கணக்கு இடிக்கிறதே?

நல்ல கேள்வி, பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

சோலைக்குள் ஒரு உறைபனி இரவில் நின்று பாருங்கள். வெளியே புல் வெள்ளையாக இருக்கும், உள்ளே பத்தடி போனால் ஈரம் மட்டும்தான், பனிக்கட்டி இல்லை. வானத்துக்குச் சூட்டை விடுவது மேலேயுள்ள இலைக்கூரை, தரை அல்ல. தரையிலிருந்து வரும் சூட்டை அந்தக் கூரையே பிடித்துத் திருப்பித் தருகிறது. அதாவது நிற்கிற காடு தன் குட்டிகளுக்குத் தானே போர்வை. பள்ளத்தில் மண் ஆழம், நீர் ஊற்று, காற்றடி குறைவு, தீ எளிதில் இறங்காது, இப்படிப் பல வசதிகள் இருப்பதால் எப்போதோ அங்கே காடு கால் ஊன்றிவிட்டது. ஊன்றிய பிறகு பனி அதை அசைக்கவில்லை, விளிம்பைத் தாண்டி வெளியே வரவும் விடவில்லை. எல்லாப் பள்ளத்திலும் சோலை இருக்கிறதா என்றும் பாருங்கள். மடிப்பின் அடியில் தட்டையாக, நீர் தேங்கும் சதுப்பு இருக்கிறதே, அங்கே மரமே இருக்காது. மிகக் குளிர்ந்த இடம் அதுதான், போதாததற்குக் கால் நனைந்தே கிடக்கும்.

புல்வெளி நடுவே ஒற்றையாகச் சிவப்புப் பூவோடு ஒரு மரம் நிற்குமே?

காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இமயமலையில் இருக்கும் அதே இனத்தின் தெற்கத்திச் சொந்தம். தடித்த தோல் போன்ற இலை, தடித்த பட்டை, பனியையும் தீயையும் தாங்கும். சோலையை விட்டு வெளியே தனியாக நிற்கிற தைரியம் உள்ளூர் மரங்களில் இதற்கும் இன்னும் ஓரிரண்டுக்கும்தான்.

சீகை, கற்பூர மரம் மட்டும் எப்படிக் காடாக நிற்கின்றன?

நீலகிரியில் சீகை என்று சொல்லும் வாட்டிலும், கற்பூர மரம் எனும் யூகலிப்டஸில் இங்கே பெருவாரியாக நட்ட நீலப்பசை மரமும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையிலிருந்தும் டாஸ்மேனியாவிலிருந்தும் வந்தவை. அங்கே குளிர்காலப் பனி சாதாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள், பிறகு பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் நம்மவர்களே ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். பல்லாயிரம் வருஷம் பனி பூட்டி வைத்திருந்த கதவுக்குச் சாவி உள்ள மரத்தைக் கூட்டிவந்து விட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றும். சீகையின் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும், தீப்பட்டால் மொத்தமாக முளைக்கும். வரையாடு மேய்ந்த புல்வெளி இப்படித்தான் பெருமளவு போனது.

பிரேசிலின் செராடோவிலும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. செராடோ என்பது புல்லும் கோணல்மாணலான மரமும் கலந்த பெரிய சவன்னா. அங்கே காட்டையும் சவன்னாவையும் பிரிப்பது தீ என்றுதான் எல்லோரும் எழுதி வந்தார்கள், அது சரியும்கூட. ஆனால் அதன் தெற்கு விளிம்பில் 2016-ல் வழக்கத்தைவிடக் கடுமையான உறைபனி விழுந்தபோது, ஆய்வாளர்கள் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த இடங்களுக்குப் போய்ச் சேதத்தைக் கணக்கெடுத்தார்கள். திறந்த சவன்னாவைவிடப் பக்கத்துக் காட்டின் உள்ளே 5 டிகிரி வரை கூடுதல் சூடு, மரம் அடர்ந்த இடத்தில் சேதம் குறைவு. நம் சோலை சொல்லும் அதே பாடம், பூமியின் அந்தப் பக்கத்தில். அங்கே நம்மூர் மாதிரி வருஷா வருஷம் வருவதில்லை, எப்போதாவது வருகிறது. எப்போதாவது வந்தாலே எல்லைக்கோடு அழியாமல் இருக்கிறது.

"கறுப்புப் பனி" என்று காபி விவசாயிகள் சொல்வது என்ன?

காற்று மிக வறண்டிருந்தால் வெள்ளையாகப் படிய ஈரமே இருக்காது. வெளியே ஒன்றும் தெரியாமல் செடி உள்ளுக்குள் உறைந்து, கறுத்துப்போன பிறகுதான் தெரியும். வெள்ளைப் பனியில் ஒரு சின்ன ஆறுதல், ஈரம் உறையும்போது கொஞ்சம் சூடு வெளியாகும், செடி இன்னும் கீழே இறங்குவதைத் தாமதப்படுத்தும். கறுப்புப் பனியில் அந்த ஆறுதலும் இல்லை.

1975 ஜூலை 17, 18 தேதிகளில் பரானா மாநிலத்தில் விழுந்தது இதற்குப் பெயர்போனது. அப்போது பிரேசிலின் பெரிய காபி மாநிலம் அது. மறு ஆண்டு அங்கே விளைச்சல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. உலகம் முழுக்கக் காபி விலை ஏறியது. நிறையப் பேர் காபியை விட்டு சோயா, கோதுமைக்கு மாறினார்கள், காபி வடக்கே மினாஸ் ஜெராய்ஸ் பக்கம் நகர்ந்தது. 2021 ஜூலையில் அங்கேயும் பனி தேடிப்போய் அடித்தது, அது வேறு. காபி எத்தியோப்பியக் காட்டு நிழலில் வளர்ந்த செடி. அதைக் கொண்டுபோய் மொட்டை வெளியில் வரிசை கட்டி நிறுத்தினால், போர்வை இல்லாமல் வெளியே படுக்க வைத்த மாதிரிதான்.

ஆப்பிரிக்காவில்?

ஹ்வாங்கேயில் பனி, தீ, யானை மூன்றும் கூட்டு. யானை ஒடித்து மரத்தைக் குட்டையாக்கும், குட்டையானது பனி மட்டத்துக்குள் வரும், பனி கருக்கியதைத் தீ எரிக்கும். தேக்கு என்று அங்கே சொல்லப்படும் மரம்கூட (நம் தேக்குக்கும் அதற்கும் உறவில்லை) இந்தச் சுழலில் மாட்டினால் பல வருஷம் புதராகவே நிற்கும்.

இன்னும் விசித்திரமானது அங்கோலா, ஜாம்பியா உயர்நிலங்களில் இருக்கும் தரைக்கடி மரங்கள். மேலே பார்த்தால் முழங்கால் உயரச் செடி, புல்லோடு புல்லாக. தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் தடித்த மரக்கட்டை பரவிக் கிடக்கும், மரமே படுத்துப் புதைந்த மாதிரி. இவை தீக்குப் பயந்து மண்ணுக்குள் போனவை என்பது பழைய விளக்கம். அங்கோலாவில் வேலை செய்த ஆய்வாளர்கள், பள்ளத்தாக்குப் புல்வெளிகளில் இரவுக்குளிரை அளந்து, உறைபனிக்கும் பங்கு உண்டு என்று சொன்னார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. வருஷா வருஷம் தலை போகும் என்றால் தலையை வளர்க்காமல் இருப்பதே லாபம் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

பனிக்கும் காட்டுத்தீக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக உண்டு. டிசம்பர், ஜனவரிப் பனி புல்லைக் காயவைக்கும், பிப்ரவரி, மார்ச் வெயிலில் அது வைக்கோல் போர். நீலகிரியில் ஜனவரியிலேயே வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டத் தொடங்குவது இதனால்தான். பனி அதிகம் விழுந்த வருஷத்தில் நான் பீடி, சிகரெட் ஆட்களைக் கொஞ்சம் கூடுதலாகவே முறைப்பேன்.

தேயிலைக்கு என்ன செய்வது?

பள்ளத்தில் இருக்கும் தோட்டம்தான் முதலில் அடிபடும். மேல் கொழுந்து கருகும், செடி சாகாது, ஆனால் மறுபடி கொழுந்து விடும்வரை வாரக்கணக்கில் பச்சைத் தேயிலை வரத்து இல்லை. 2019 ஜனவரியில் மூணாறில் பெரும் பரப்பில் இப்படி ஆனது. சிறு விவசாயிகள் இளம் செடியைக் காட்டுச் செடி, ஓலை போட்டு மூடுகிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மலர்ச்செடிகளை மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடையே நிற்கும் சில்வர் ஓக் மரங்களும் ஓரளவு காக்கும், மொட்டையாக வெட்டிய தோட்டத்தில்தான் வெள்ளை அதிகம். ஸ்பிரிங்க்ளர் இருந்தால் உறையத் தொடங்கும் முன்பே போட்டு, வெயிலில் உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் போடாமல் இருப்பதைவிட மோசம். டயர் எரிப்பது வீண், வானத்துக்குப் போகிற சூட்டைப் புகை தடுக்காது, நம் நெஞ்சுதான் கெடும்.

புல்வெளி சும்மா கிடக்கிறதே, மரம் நட்டால் நல்லதுதானே?

இந்த ஆசையில்தான் நானும் விழுந்தேன். வீட்டுக்குக் கீழே ஒரு புல் பள்ளம். ஒரு ஜூன் மாதம் நாற்பது கன்றுகள் வைத்தேன், காட்டுச் செண்பகம், காட்டு நாவல், லவங்க இனம் ஒன்று. நவம்பர் வரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். ஜனவரி இரண்டாம் வாரம் மூன்று இரவு தொடர்ந்து பனி. நாலாம் நாள் காலையில் போனால் முப்பத்து மூன்று கன்றுகள் டீத்தூள் நிறத்தில் நின்றன. பிழைத்த ஏழும் எங்கே இருந்தன என்றால், நான் வெட்ட மறந்த ஒரு புதரின் ஓரத்தில்.

அந்தப் புல்வெளி மரம் இல்லாமல் காலியாகக் கிடந்த இடம் இல்லை. அது புல்வெளி, அவ்வளவுதான். மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி ஓடைக்கு மெதுவாக விடுவதும் அதுதான். மரம் நட வேண்டுமா, சிதைந்த சோலையின் விளிம்பில் நடுங்கள், சீகை அகற்றிய சோலை நிலத்தில் நடுங்கள்.

விளிம்பில் நட்ட கன்றை முதல் குளிர்காலத்தில் எப்படிக் காப்பது?

புதரை வெட்டாதீர்கள், அதன் அணைப்பில் நடுங்கள். பனி விழும் என்று தெரிந்தால் முந்தின நாள் மதியம் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள், ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். அடியில் கனமாகக் காய்ந்த புல்லைப் பரப்பி மூடுவது கோடைக்கு நல்லது, பனிக்காலத்தில் அது மண்ணின் சூட்டை மேலே வரவிடாமல் தடுத்துவிடும். நாலு குச்சி நட்டு மேலே சாக்கு போடுங்கள், இலையில் படக்கூடாது. காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையோடு ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். செப்டம்பருக்குப் பிறகு யூரியா போடாதீர்கள், இளம் துளிர்தான் முதலில் போகும்.

பூமி சூடாகிறதே, இனி உறைபனி பிரச்சினை இருக்காதோ?

பனி இரவுகள் குறைந்தால் புல்வெளிக்குள் மரம் நுழையும். சோலை மரம் நுழைந்தாலாவது பரவாயில்லை, வாசலில் ஏற்கெனவே நிற்பது சீகை. இன்னொரு பக்கம், குளிர்காலம் வெதுவெதுப்பாகத் தொடங்கினால் செடி ஏமாந்து சீக்கிரமே துளிர்விடும், அதன்பிறகு ஒரே ஒரு தெளிந்த இரவு வந்தால் போதும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியே இருக்கிறது. எங்கள் பக்கம் அந்த மாசிப் பனிதான் துளிர்விட்ட கன்றுக்கு எமன்.

உறைபனி பார்க்க எப்போது வரலாம்?

டிசம்பர் கடைசி, ஜனவரி. முந்தின இரவு நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து காற்றும் அடிக்காமல் இருந்தால், காலை ஆறு மணிக்குப் பள்ளமான இடங்களுக்குப் போங்கள். வெயில் படும் இடத்தில் எட்டு மணிக்குள் உருகிவிடும். ஒரு விண்ணப்பம்: ஓரத்தில் நின்று பாருங்கள், புல்லின் மேல் ஓடிப் படம் எடுக்காதீர்கள். உறைந்த புல்லை மிதித்தால் கண்ணாடி மாதிரி உள்ளே நொறுங்கும். போன ஜனவரியில் யாரோ ஒரு குடும்பம் வட்டமாகச் சுற்றி ஆடிய செருப்புத் தடம், பழுப்பு நிறத்தில், பிப்ரவரி வரை அந்தப் புல்லில் அப்படியே இருந்தது. அதில் ஒரு சின்னக் குழந்தையின் தடமும் இருந்தது.